கம்பி வழிப் பயணம் – 9: இரண்டு பக்கமும் கரண்ட்

கேரளத்தின் மூலமட்டம் நிலத்தடி மின்நிலையத்தில் ஆறு ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் 130 மெகாவாட். 1976-இல் ஓடத் தொடங்கிய இந்த நிலையத்திலிருந்து கிளம்பும் 220 கிலோவோல்ட் லைன்களில் ஒன்று மலை தாண்டித் தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டைக்கு வருகிறது. வடக்கே, பாலக்காட்டையும் உடுமலையையும் 400 கிலோவோல்ட் இரட்டை லைன் இணைக்கிறது.

இந்த எல்லைக் கம்பிகளில் ஒரு இன்சுலேட்டரை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். மூலமட்டத்தில் ஆஃப் செய்தாலும் உடுமலையிலிருந்து அதே 220 வந்து நிற்கும். ஆகவே இரு முனையும் ஒன்றாக இறங்க வேண்டும். பெங்களூருவின் தென்மண்டல மின்சுமை மையம், களமசேரி, சென்னை மாநில மையங்கள் என எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் பிரேக்கர் திறக்கும்.

பிரேக்கர் திறந்தாலும் நம்பக்கூடாது. அதன் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அடுத்து ஐசொலேட்டர். அதன் கைகள் விலகி, நடுவில் வெறும் காற்று தெரிய வேண்டும். மூன்று பேஸிலும் தெரிய வேண்டும். ஒரு கை பாதியில் சிக்கி நிற்பதுண்டு என்பதால் கன்ட்ரோல் ரூம் விளக்கை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், யார்டுக்கு நடந்துபோய் அண்ணாந்து பார்ப்பவரைத்தான் நல்ல ஆபரேட்டர் என்பேன். அப்புறம் பூட்டு, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகை, எர்த் சுவிட்ச். இதெல்லாம் முடிந்த பிறகே கையெழுத்திட்ட பெர்மிட். தமிழ்நாட்டு லைன்மேன்கள் ‘எல்.சி.’ வாங்கியாச்சா என்று கேட்பது இதைத்தான்.

ஆனால் கோபுரத்தில் ஏறுபவருக்கு இந்தக் காகிதமும் போதாது. பக்கத்து சர்க்யூட் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்திய கம்பியிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் தூண்டப்படும். அதனால் டிடெக்டர் வைத்துச் சோதிப்பார்கள்; அந்த டிடெக்டரையே முன்னும் பின்னும் ஓடுகிற கரண்டில் காட்டி, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு டிஸ்சார்ஜ் ராடு. இங்கே வரிசைதான் உயிர். முதலில் ராடின் கீழ்முனைக் கிளாம்ப்பைக் கோபுரத்து எர்த்தில் இறுக்க வேண்டும். அதன் பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நேர் தலைகீழ்: கம்பி முதலில், எர்த் கடைசியில். மாற்றிச் செய்தால் தூண்டப்பட்ட மின்சாரம் ராடு பிடித்திருப்பவர் வழியாக மண் தேடும். வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் இப்படி எர்த் செய்வது வழக்கம்.

புகளூர்–திருச்சூர் நேர்மின் வழித்தடம் வேறு ரகம். 2021-இல் தொடங்கிய இது 2,000 மெகாவாட் சுமக்கிறது. வடக்கஞ்சேரி தாண்டியதும் நிலத்தடிக் கேபிளாகிவிடுகிறது. நீளக் கேபிள் ஆஃப் ஆன பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை இறக்கி எர்த் செய்யாமல் தொடுவது தற்கொலை.

ஊர்ப்பக்கத்து 11 கிலோவோல்ட் லைனில் ஆபத்து இன்னும் சாதாரண உருவில் வரும். ஷட்டவுன் நேரத்தில் கடைக்காரரோ எஸ்டேட்டோ சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போடாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகிவிடும். சப்-ஸ்டேஷனில் எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை. கம்பத்தில் இருப்பவரைக் காப்பது அவர் மாட்டிய ராடு மட்டுமே. அதுவும் நடைமுறையில் எப்போது தவிர்க்கப்படுகிறது தெரியுமா? ‘அஞ்சு நிமிஷ வேலைதானே’ என்று தோன்றும் ஃபியூஸ் போடும் வேலையில்.

வேலை முடிந்ததும் ஆட்களையும் ராடுகளையும் எண்ணுவார்கள். ஒரே லைனில் இரண்டு குழுக்கள் என்றால் இரண்டு பெர்மிட்டும் திரும்பி வர வேண்டும். எல்லைக்கு அப்புறமிருக்கும் குழுவின் பெர்மிட் வராதவரை, இந்தப் பக்கத்து ஐசொலேட்டர் திறந்தேதான் இருக்கும்.

(தொடரும்)