விடை சொல்லாத வாத்தியார்

1984-ல் சிகாகோ பல்கலைக்கழகக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரை வெளியிட்டார். வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து படித்த மாணவர்களையும், தனி ஆசிரியரிடம் படித்த மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பற்றியது அது. தனி ஆசிரியரிடம் படித்த ஒரு சராசரி மாணவன், வகுப்பில் படித்தவர்களில் சுமார் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிட்டான் என்பது அதன் முடிவு. பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் தனிக் கவனிப்பு நல்ல பலன் தரும் என்பதில் மாற்றம் இல்லை.

புளூம் கேட்ட கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாத்தியார் வைக்க எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதே பலனைக் குறைந்த செலவில் கொண்டுவர வழி இருக்கா?

கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடைத்துவிட்டது என்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், அதுவும் கைபேசியிலேயே. நம்பலாமா?

இதை நேரடியாகச் சோதித்த ஒரு ஆய்வு இருக்கு. 2023-ல் துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில், ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தியது. பாடம் கணிதம். ஆசிரியர் பாடம் நடத்துவார், பிறகு மாணவர்கள் கணக்குப் போட்டுப் பழகுவார்கள், கடைசியில் எந்த உதவியும் இல்லாமல் ஒரு பரீட்சை.

பழகும் நேரத்தில் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவது பிரிவுக்கு சாட்ஜிபிடி போன்ற சாதாரண அரட்டைக் கருவி. மூன்றாவது பிரிவுக்கும் அதே ஜிபிடி-4 தான், ஆனால் அதற்கு முன்கூட்டியே கட்டளை எழுதி வைத்திருந்தார்கள்: விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு. ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை என்ன, மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறு செய்வார்கள் என்று ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்ததையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

பயிற்சியில் இரண்டாவது பிரிவு, கருவி இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. மூன்றாவது பிரிவு 127 சதவீதம் கூடுதல். அப்பா, அம்மா பார்த்தால் பூரித்துப் போயிருப்பார்கள்.

பரீட்சையில் கதை மாறிவிட்டது. சாதாரணக் கருவி வைத்துப் பழகியவர்கள், கருவியே இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் கொடுத்த கருவியில் பழகியவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை. ஆனால் லாபமும் இல்லை. கருவி இல்லாதவர்கள் அளவுக்குத்தான் எடுத்தார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தந்தது இன்னொரு விஷயம். குறைவாகக் கற்ற பிள்ளைகளுக்கு, தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை.

ஏன் இப்படி? கணக்கில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அந்த சில நிமிடங்கள் நமக்கு வீண் மாதிரி தெரியும். உண்மையில் மூளை பழசைத் தேடி எடுத்து, புதுசோடு பொருத்திப் பார்ப்பது அப்போதுதான். ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இதை 'விரும்பத்தக்க சிரமம்' என்பார். விடை உடனே வந்துவிட்டால் அந்த சிரமம் போய்விடும், கூடவே கற்றலும் போய்விடும். ஜிம்முக்குப் போய் எடையை இன்னொருத்தரைத் தூக்கச் சொல்கிற கதைதான்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாமா? அதுவும் சரியில்லை. ஹார்வர்டில் 2023-ல் இயற்பியல் மாணவர்கள் 194 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஆசிரியர்களே வடிவமைத்த செயற்கை நுண்ணறிவு ஆசிரியரிடம் படித்தவர்கள், நல்ல முறையில் நடந்த வகுப்பில் இருந்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும்தான் நகரும். முழு விடையை எடுத்துப் பரிமாறாது. தப்பாக உளறாமல் இருக்க, சரியான தீர்வுகளை முன்பே கொடுத்திருந்தார்கள்.

மென்பொருள் எழுதுகிறவனாகப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: மாடல் ஒன்றே என்றாலும், அதற்கு மேல் யார், எதற்காக, என்ன கட்டளை எழுதினார்கள் என்பதில்தான் பலன் இருக்கு. பொதுவான அரட்டைக் கருவிகள் கேட்டவரைத் திருப்திப்படுத்தப் பழக்கப்பட்டவை. கேட்டதும் விடை கிடைத்தால்தான் மாணவனுக்குத் திருப்தி. நல்ல வாத்தியார் சில நேரம் அந்தத் திருப்தியைத் தரமாட்டார்.

கண்டுபிடித்துத் தண்டிப்பதும் தீர்வாகாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை, 'இயந்திரம் எழுதியதா' என்று கண்டறியும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எல்லாம் மனிதர்கள் எழுதியவை! எளிய ஆங்கிலத்தில் எழுதுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. முதலில் பத்து நிமிடம் தானாக முயலட்டும். பிறகு "விடை வேண்டாம், அடுத்த ஒரு படிக்கு மட்டும் குறிப்பு கொடு" என்று கேட்கப் பழகட்டும். மறுநாள் அதே மாதிரி ஒரு கணக்கைக் கருவி இல்லாமல் காகிதத்தில் போடட்டும்.

பிள்ளை என்ன கற்றது என்பது அந்தக் காகிதத்தில்தான் தெரியும். முந்தின நாள் திரையில் வந்த மதிப்பெண்ணை அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீங்க.