சிறு கருவிகளின் பேச்சு



சுருங்கச் சொல்லல் நூலுக்கு அழகு என்று நம் இலக்கணம் கற்பிக்கிறது. இணையத்தோடு இணைந்த சிறு கருவிகளுக்கோ அது அழகு மட்டும் அன்று, உயிரே அதுதான். இதனை நான் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியில் கற்றேன்.

சென்ற கோடை விடுமுறையில், அங்கே பெரியப்பாவின் பட்டுப்புழு மனையில் வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை அமைத்தேன். வெப்பம் மிகுந்தால் புழுக்களை நோய் பற்றும். ஒரு மாத உழைப்பு வீணாகும். கருவியை, இணையப் பக்கங்களுக்கு உரிய எச்.டி.டி.பி. நெறிமுறையில் பேச வைத்தேன். ‘27’ என்னும் ஈரிலக்கச் செய்திக்கு நூற்றுக்கணக்கான எழுத்துகளில் முகவுரை! ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பு வேறு. பாட்டரி சில நாளில் ஓய்ந்தது. அன்று பெரியப்பா, என் கருவியை நம்பிக் குப்பம் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனை கொதித்தது; மேலடுக்குப் புழுக்கள் மாண்டு கிடந்தன. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

பின்னரே வேறு இரு நெறிமுறைகளை ஒப்பிட்டுக் கற்றேன்.

ஒன்று எம்.க்யூ.டி.டி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக, 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் இதனை வகுத்தனர். இதில் நடுவே ஒரு தரகர் உண்டு. கருவி தன் செய்தியை அவரிடம் ஒப்படைக்கும். வேண்டுவோர் அவரிடம் பதிந்து பெறுவர். முகவுரை 2 பைட்டு அளவிலும் அடங்கும். கருவி திடீரென ஓய்ந்தால், அது முன்பே கொடுத்துவைத்த ‘உயிலை’த் தரகர் அறிவிப்பார். ஆனால் தரகரோடு தொடர்பு அறாமல் காக்க வேண்டும். அதற்கு மின்சாரம் செலவாகும்.

மற்றொன்று சி.ஓ.ஏ.பி.; 2014-இல் இணையத் தரமாக வெளிவந்தது. இஃது அஞ்சலட்டை போன்றது. அடிப்படை முகவுரை 4 பைட்டு. முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்த வேண்டுவதில்லை. கருவி விழித்து, அனுப்பி, ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி பெற்று உறங்கிவிடலாம். மறுமொழி வராவிடின், வழக்கமாக நான்கு முறை வரை மீண்டும் அனுப்பும். ஆயின், கைபேசி வலைக்குள் உறங்கும் கருவியை வெளியிலிருந்து அழைப்பது அரிது.

எது சிறந்தது? இடம் நோக்கியே சொல்ல வேண்டும். பாட்டரியில் வாழும் அளவுகருவிக்குச் சி.ஓ.ஏ.பி.யைக் கொடுத்தேன்; மின்சாரத்தில் ஓடி, எந்நேரமும் கட்டளைக்குக் காத்திருக்கும் விசிறிக்கு எம்.க்யூ.டி.டி.யைக் கொடுத்தேன். குறித்த நேரத்தில் அளவுகருவியின் செய்தி வராவிடின், அந்த மௌனத்தையே ஆபத்தாகக் கொண்டு பெரியப்பாவின் கைபேசி ஒலிக்குமாறும் செய்தேன்.

கருவி சுருங்கச் சொன்னால் மட்டும் போதாது, நண்பர்களே. அது சொல்லாமல் நின்றதையும் நாம் அறிய வேண்டும்.