விசைப்பலகையில் ஒரு விளையாட்டு



தமிழில் எழுத்துகள் 247. அவற்றைக் கணினியில் எழுத 247 விசைகள் வேண்டுமா? வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளுக்கான விசைகளும் ஒரு புள்ளி விசையும் போதும். 1999ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகை இம்முறையில் அமைந்ததாகும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் உள்ளன.

மெய்க்குரிய விசையைத் தட்டினால் அகரம் ஏறிய எழுத்துத் தோன்றும். ‘க’வை அடுத்து ‘இ’யைத் தட்டினால் ‘கி’ ஆகும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை இங்கே கண்ணால் காணலாம். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே அமையும்.

விளையாட்டு 1: இருவர் இருவராக அமர்க. ஒருவர் ஒரு சொல்லைக் கூறுக. மற்றவர் அதற்கு எத்தனை தட்டுகள் என முதலில் கூறி, பின்னர்த் தட்டிச் சரிபார்க்க. எடுத்துக்காட்டு: ‘பாட்டி’ – ப, ஆ, ட, ட, இ, ஐந்து தட்டுகள்.

விளையாட்டு 2: வலி, வழி, வளி ஆகியவற்றைத் தட்டுக. ஒரு விசை மாறினால் துன்பம் பாதையாகும், பாதை காற்றாகும்.

ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதினால் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆங்கிலம் அறியாத பாட்டியால் அதனைப் படிக்கவும் இயலாது. ஆகவே, இவ்வாரம் ஊரிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மூன்று வரிகள் தமிழில் தட்டி அனுப்புக. பிறர் துணையின்றி அவர்களே படித்து மகிழ்வர்.