வீட்டுக்காரரே திட்டம் போடட்டும்!

கடல் கடந்து வந்து, கூலி வேலையிலும் குமாஸ்தா வேலையிலும் சிறுகச் சிறுகச் சேர்த்து, சொந்தமாக நாலு சுவர் எழுப்ப நினைப்பவர்கள் ஷாதிபூரிலும் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர், கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர்.

1936-ல் வியன்னாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்தவர். 2022-ல் காலமானார். நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமம் ஒன்றில் தங்கி, அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்.

குடியிருக்கப் போகிறவருக்குத்தான் வீட்டின் தேவை தெரியும் என்பது அவருடைய கொள்கை.

253 யோசனைகள்

1977-ல் சகாக்களுடன் அவர் வெளியிட்ட நூலில் நகரம் முதல் ஜன்னல் வரை 253 யோசனைகள் உள்ளன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கங்களிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் இருந்தால் கண் கூசும். எதிரே இருப்பவர் முகம் தெளிவாகத் தெரியாது.

பால்கனியும் தாழ்வாரமும் ஆறு அடிக்குக் குறையக் கூடாது. நாலு பேர் உட்கார்ந்து பேச முடியாத பால்கனி துணி காயப் போடத்தான் உதவும்.

குடியிருப்பு நாலு மாடிக்கு மேல் போகக் கூடாது. உயரே போகப் போகத் தெருவோடு உள்ள உறவு அற்றுவிடும்.

நம் ஊர்த் திண்ணையும் முற்றமும் வெளிச்சத்தையும் பேச்சுத் துணையையும் தந்தவைதாமே!

மெக்ஸிகோவில் சோதனை

1976-ல் மெக்ஸிகோ நாட்டு மெக்ஸிகாலி நகரில் இதைச் செய்தே காட்டினார். ஐந்து குடும்பங்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே திட்டமிட்டு, மாணவர்களோடு சேர்ந்து கட்டின. ஐந்து வீடுகளும் ஐந்து விதமாக அமைந்தன. ஆனால், அரசாங்கம் திட்டத்தை மேலே தொடரவில்லை.

நிக்கோபார் சொல்லும் பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிக்கோபார் மக்களுக்குத் தகரக் கொட்டகைகள் போடப்பட்டன. அவசரத்துக்குக் கூரை தேவைதான். ஆனால், வெயிலில் தகரம் கொதித்தது. கம்பங்கள் மேல் காற்றோட்டமாக நின்ற ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்? முதலில் அவர்களையே கேட்டிருக்கலாம்.

கயிறு கட்டிப் பாருங்கள்

வீடு கட்டுமுன் மனையில் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் உள்ளே நடக்கச் சொல்லுங்கள். அடுப்பங்கரையில் புகை எந்தப் பக்கம் போகும், மழைச் சாரல் எங்கே அடிக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். கயிற்றை நகர்த்தக் காசு செலவில்லை. சுவரை இடிக்கத்தான் செலவு.

ஒன்று மறக்க வேண்டாம். அந்தமான் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. அறை எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தூணும் கம்பியும் எவ்வளவு என்பதை என்ஜினீயர் முடிவு செய்யட்டும்.