இரத்தம் திரும்பிய பின்னும் கவனம் தேவை!

வாப்பாவுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிடுகிறது. வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றி, மூளையில் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். "அல்ஹம்துலில்லாஹ், இனிப் பயமில்லை" என்று வீட்டார் ஆறுதலடைகிறார்கள். ஆனால் சிலருக்கு மறுநாளே நிலைமை மோசமாகிறது. இது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே?

காய்ந்து வெடித்த வயலுக்கு வாய்க்காலைத் திடீரெனத் திறந்துவிட்டால் வரம்பு உடைவதுண்டல்லவா? மூளையிலும் அப்படித்தான். இரத்தமின்றி வாடிய கலங்களுக்கு ஒட்சிசன் மீண்டும் பாயும்போது, அதிலிருந்தே நச்சுத்தன்மையுள்ள மூலக்கூறுகள் உண்டாகிக் கலங்களைத் தாக்குகின்றன. வெண்குருதிக் கலங்கள் வந்து குவிந்து அழற்சியை ஏற்படுத்துகின்றன. நலிந்த குழாய்ச் சுவர் கசிந்தால் மூளை வீங்கும், இரத்தமும் கசியலாம்.

இந்தத் தாக்குதலைத் தடுக்க ஒரு மருந்து பரிசோதிக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. 2007இல் வெளியான பெரிய ஆய்வு அதைப் பொய்யாக்கியது. எனவே இன்றும் சிறந்த பாதுகாப்பு, நேரம் தாழ்த்தாமையே. குழாய் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ, அவ்வளவுக்குச் சேதமும் குறைவு.

வீட்டில் செய்ய வேண்டியவை

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன், அடைப்பா இரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பன்விலயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கவே நேரம் பிடிக்கும். ஆகவே முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் சேவை இலவசம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அஸ்பிரினோ பிரஷர் மாத்திரையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். துஆச் செய்யுங்கள், ஆனால் ஓதிய தண்ணீரானாலும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது சுவாசப்பையில் இறங்கிவிடும்.

ஊசி ஏற்றிய முதல் 24 மணித்தியாலம் இரத்த அழுத்தத்தை 180/105க்கு மேல் போகவிடாமல் வைத்தியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடாதிருப்பதே நோயாளிக்குச் செய்யும் உதவி. கடும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் கண்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

பழுது பார்க்கும் காலம்

இறந்த நரம்புக்கலம் மீண்டு வராது. ஆனால் சிதைவுகளை அகற்றும் கலங்கள் மூளையிலேயே உள்ளன. தப்பிய நரம்புகள் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையைப் பழகிக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பின்னரும் அது நின்றுவிடுவதில்லை.

இங்கேதான் நம் அன்பே இடைஞ்சலாகிவிடுகிறது. ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் நாமேயானால், தளர்ந்த கை எப்போது பழகும்? விழுங்கலாமென வைத்தியர் அனுமதித்த பின், தேநீர்க் கோப்பையை அந்தக் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். சிந்தினால் துடைத்துவிடுங்கள். நாளைக்கும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.