வட்டத்துக்குள் வீடு, வாசலில் கார்

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த திட்டத்தைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் தொடர்கிறது: வரைபடத்தில் மெட்ரோ நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, பிறகு ஏன் வண்டி தேவைப்படுகிறது? கோளாறு அளக்கும் முறையில் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2017 பொதுப்போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டு, அதைப் 10–12 நிமிட நடை என்கிறது. காக்கைக்கு அது சரி. 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78 ஹெக்டேர். குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் நெருக்கமாக ஓடும் ஊரிலேயே 500 மீட்டர் நடந்து எட்டக்கூடியது ஒரு சாய்சதுரம்தான், 50 ஹெக்டேர். பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒற்றை வாசலோடு நிற்கும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் அதுவும் சுருங்கிவிடும். மதிலுக்கு அப்பால் நிலையம் தெரியும், போக வழி இருக்காது.

நகரப் போக்குவரத்து ஆய்வாளர்கள் இவிங், செர்வெரோ இருவரும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தெருச் சந்திப்புகளின் அடர்த்தி 10 விழுக்காடு கூடினால் நடை சுமார் 4 விழுக்காடு கூடுகிறது. மக்கள் அடர்த்தி அதே அளவு கூடினால் 1 விழுக்காடுகூட இல்லை. நம் அரசுகளோ நிலையத்தருகே மாடிகளைக் கூட்ட அனுமதிப்பதையே பெரிய மருந்தாக நம்புகின்றன. அவர்கள் தொகுத்தவை பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள், இங்கே வண்டி இல்லாதவர் எப்படியும் நடக்கிறார் என்பார்கள். உண்மைதான். ஆனால் கேள்வி வண்டி வாங்க வசதி வந்தவரைப் பற்றியது. சுற்றுவழிதான் அவரை வண்டிக் கடைக்குத் தள்ளுகிறது. மதிலில் வழி திறந்தால் பாதுகாப்பு போய்விடும் என்பது அடுத்த வாதம். மதிலில் ஆள் மட்டும் நுழையும் வாசல் வைத்தால் கார் உள்ளே வராது. நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரம் காரைச் சுற்றுச்சாலைக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் நேர்வழி விட்டிருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானம் கேட்கத் தெரிந்த அரசுக்கு, ஊடே ஒரு பொதுப்பாதை கேட்பதா கடினம்?

கார் ஓட்டம் குறையுமா? கொஞ்சம் குறையும், வேலையும் கடையும் கிட்டே வந்தால்தான் கூடுதலாக.

வெயில்? மரம் வேண்டும், சுற்றுவழி குறைந்தால் வெயிலும் குறைவு.

நடைபாதை போதாதா? நடை, சைக்கிளுக்கான 2014 கொள்கையில் சென்னை மாநகராட்சி அதற்கு நிதி வாக்களித்தது. ஆனால் முட்டுச்சந்தில் போட்ட நடைபாதை முட்டுச்சந்தோடு நின்றுவிடும்.