மடியிலே கனம்

மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்பது நம் பெரியோர் வாக்கு. அந்தக் கனம் பணமாயின், பயம் அதைச் சுமப்பவனுக்கு மட்டுமே. அதே மடியில் ஒரு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டால், பயம் யார் யாருக்கு? இக்கேள்வி, அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், பாலையூற்றிலுள்ள என் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் எழுந்தது.

நண்பர் திருகோணமலைப் பட்டினத்தில் கடை வைத்திருப்பவர். இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய விற்பனைப் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவது அவரது பலகால வழக்கம். ஓர் இரவு, வழியில் இருவர் அவரை மறித்தனர். நல்லவேளையாக எதிரே ஒரு லொறி வந்தது. அதன் வெளிச்சம் பட்டதும் அவ்விருவரும் ஓடி மறைந்தனர். பணம் போகவில்லை, ஆனால், அன்று தொட்டு நண்பரின் நித்திரை போயிற்று.

"நீர் நாலு புத்தகம் படிக்கிறவர். முறைப்படி விண்ணப்பித்து, சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய சின்ன றிவோல்வர் ஒன்று வாங்கலாமென்று நினைக்கிறேன். எந்த வகை நல்லது? சொல்லும் பார்ப்போம்" என்றார் அவர்.

உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் அவருடைய மூத்த பேரன், இதைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எம்மருகே வந்து அமர்ந்தான். அன்று நான் அவ்விருவருக்கும் சொன்னவற்றை, பின்னர் தேடிப் படித்தவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன். இவ்வெண்ணம் என் நண்பர் ஒருவரோடு நின்றுவிடக்கூடியதன்று.

சப்பை மூக்குத் துப்பாக்கி

றிவோல்வர் என்பது சுழல் துப்பாக்கி. அதன் நடுவே உருளை ஒன்று உண்டு. அவ்வுருளையிலுள்ள ஐந்து அல்லது ஆறு அறைகளில், அறைக்கொரு தோட்டா இருக்கும். விசையை இழுக்குந்தோறும் உருளை ஓர் அறையளவு சுழன்று, புதிய தோட்டா ஒன்றைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். ஒரு தோட்டா வெடிக்காமற் போனாலும், மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். இந்த எளிமையே அதன் பெருமை. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டில் தம் நாட்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆதியில் இவை நீண்ட குழலுடன் இடுப்புப் பட்டியில் தொங்கின. 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹம் நகரத்து வெப்ளி நிறுவனத்தார், இரண்டரை அங்குலக் குழலும் ஐந்து தோட்டாக்களும் கொண்ட குட்டை றிவோல்வர் ஒன்றைச் செய்தனர். மூக்குச் சப்பையான நாயினத்தின் பெயரால் அதனை 'புல்டோக்' என்று அழைத்தனர். சட்டைப் பைக்கென்றே பிறந்த துப்பாக்கி அது. 1927இல் கோல்ட் நிறுவனத்தின் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' வந்தது. இரண்டங்குலக் குழல்; ஆறு தோட்டாக்கள்; நிறை ஏறத்தாழ 600 கிராம். 1950இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தார் ஐந்து தோட்டாக்களுடன் இன்னும் சிறியதொன்றை அமெரிக்கப் பொலிஸ் தலைவர்களின் மாநாட்டிற் காட்டினர். 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயர் அங்குதான் அதற்குக் கிடைத்தது. துப்பறியும் படங்களில், கதாநாயகன் மேலங்கிக்குள்ளிருந்து உருவும் துப்பாக்கி பெரும்பாலும் இக்குலத்தைச் சேர்ந்ததே.

சுமக்க எளிது, சுட அரிது

மறைத்து வைக்கும் துப்பாக்கியைத் தேர்வோர் பார்ப்பவை நான்கு: நிறை, குழலின் நீளம், தோட்டாக்களின் எண்ணிக்கை, துணியிற் சிக்காத வடிவம். துப்பாக்கியின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை, உருவும்போது சட்டையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே, 1952இல் குதிரையை உடலுக்குள்ளேயே புதைத்த வகையும் வந்தது. அலுமினியக் கலப்பு உலோகத்தாலான இலகு வகையும் வந்தது.

"அப்படியானால் மிகச் சிறியதை, மிக இலகுவானதை எடுத்தால் முடிந்தது" என்றான் பேரன்.

"நீ படிக்கும் பௌதிகம் அதற்கு இணங்காது, தம்பி" என்றேன்.

குண்டு முன்னே பாயும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது நியூட்டன் விதி. துப்பாக்கி எவ்வளவு இலகுவோ, கையில் விழும் உதை அவ்வளவு கடுமை. குழல் குட்டையாயின், வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளும் தூரமும் குறைவு. அதனால் வேகம் குறையும். எஞ்சிய மருந்து குழல் வாயில் தீப்பிழம்பாகவும் பேரொலியாகவும் வீணாகும். குறிபார்க்கும் இரு முனைகளுக்கிடையே பத்துச் சதமமீற்றர் மட்டுமே இருப்பதாகக் கொள்ளுங்கள். முன்முனை ஒரு மில்லிமீற்றர் விலகினால், பத்து மீற்றர் தூரத்திற் குண்டு பத்துச் சதமமீற்றர் விலகிப்போகும். அத்தூரம் இரட்டித்திருந்தால் பிழை பாதியாகும். அதன்மேல், குதிரை புதைந்த துப்பாக்கியின் விசையோ ஒவ்வொரு முறையும் நீளமாகவும் கடினமாகவும் இழுக்க வேண்டியது.

ஆக, சுமப்பதற்கு எத்துணை எளிதோ, சுடுவதற்கு அத்துணை அரிது இந்தக் குட்டைத் துப்பாக்கி. நாள்தோறும் பழகியவன் கையிலும் தவறக்கூடியது. அங்ஙனமாயின், இருட்டில், மோட்டார் சைக்கிளின் மேல், நெஞ்சு படபடக்க இருக்கும் அறுபது வயதுக் கடைக்காரர் கையில் அது என்ன செய்யும்? குறி தப்பிய குண்டு ஆகாயத்தில் கரைந்துவிடுவதில்லை. அது வீதியில் வரும் யாரோ ஒருவரைத் தேடிப் போகும்.

தேர்ந்தெடுத்த கைகள்

குட்டைத் துப்பாக்கியின் வரலாற்றைப் புரட்டினால், முதன்முதற் கண்ணிற் படுவது தற்காப்பன்று. 1881 ஜூலை 2ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் புகையிரத நிலையத்திற் சுட்ட சார்ள்ஸ் கிட்டோ, அதற்கென்று கடையில் வாங்கியது ஒரு புல்டோக் றிவோல்வர். தந்தப் பிடியா, மரப் பிடியா என்று தேர்ந்தபோது, பின்னாளில் காட்சிசாலையில் எது அழகாக இருக்கும் என்றுகூட அவன் எண்ணினான் என்பர். குண்டடிபட்ட ஜனாதிபதி செப்டெம்பர் 19ஆம் திகதி இறந்தார். அந்தத் துப்பாக்கியோ காட்சிசாலைக்குப் போய், அங்கிருந்து காணாமலும் போயிற்று! 1963 நவம்பர் 24ஆம் திகதி, கென்னடி கொலைவழக்குக் கைதியான ஒஸ்வால்டைப் பொலிஸார் நடுவிலேயே ஜக் ரூபி சுட்டுக் கொன்றதும், கோட்டுப் பைக்குள் அடங்கும் கோல்ட் கோப்ரா என்னும் குட்டை றிவோல்வரால்.

நம் நாட்டுக் கதையோ இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, கொழும்பு றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கு காத்திருந்தவர்களுள் ஆயுர்வேதக் கண் வைத்தியரான தல்துவே சோமாராம தேரரும் ஒருவர். துறவிக்குரிய மரியாதையோடு பிரதமர் அவரை அணுகினார். காவியுடைக்குள்ளிருந்து துப்பாக்கி வெளிப்பட்டது. மறுநாள் பிரதமர் உயிர் நீத்தார்.

அவ்வுடைக்குள் இருந்தது குட்டைத் துப்பாக்கியன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது, முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் படைக்கென வந்த வெப்ளி ஆறாம் இலக்க வகை. ஆறங்குலக் குழலுடன், ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட நிறையுடையது. அத்துணை பெரிய ஆயுதத்தை மறைத்தது துணி மாத்திரமா? துறவுக் கோலத்தின்மீது பிறர் வைத்த நம்பிக்கையே அதை மறைத்தது. கும்பிடும் கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று வள்ளுவர் கூடா நட்பிலே எச்சரித்தது நினைவுக்கு வரும். நூற்கட்டுக்குள் ஆயுதம் மறைத்து, அடியார் வேடத்தில் வந்த முத்தநாதனையும், அவனை ஊறின்றி அனுப்பிவைக்கச் சொன்ன மெய்ப்பொருள் நாயனாரையும் பெரியபுராணம் படித்தோர் மறவார். பண்டாரநாயக்கவும், வைத்தியசாலையிற் கிடந்தபடியே, தம்மைச் சுட்டவர்மீது இரக்கங்காட்டும்படி நாட்டு மக்களை வேண்டிக்கொண்டார். ஆயினும், 1958இல் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை இக்கொலையை அடுத்து மீண்டும் வந்தது. 1962 ஜூலை 6ஆம் திகதி சோமாராம தூக்கிலிடப்பட்டார்.

தமிழகத்தில் 1967 ஜனவரி 12ஆம் திகதி நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை; சினிமா பார்த்த வீடுகளெல்லாம் அறியும். இராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு விருந்தினராக வந்த எம். ஆர். ராதா, எம். ஜி. இராமச்சந்திரனைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் தப்பினர். ஆனால், கழுத்திற் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலை மாற்றிவிட்டது. ராதா சிறை சென்றார். வழிப்பறிக்காரனுக்கும் வழிப்போக்கனுக்கும் இடையே நிகழ்ந்ததன்று இது. ஒரே படங்களில் நடித்த இருவர், ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து பேசுகையில் நிகழ்ந்தது. சினம் எல்லோருக்கும் வருவதே. சினம் வந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதிலேதான் வேறுபாடு.

கணக்கும் சட்டமும்

2012 டிசெம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின், இந்திய அரசின் கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென 'நிர்பீக்' என்ற றிவோல்வரை வெளியிட்டது. அச்சமற்றது என்பது அப்பெயரின் பொருள். நிறை 500 கிராம். விலை இந்திய ரூபாவில் ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து விற்றனர். ஏழைப் பெண் எட்ட முடியாத விலை இது என்றும், அச்சத்துக்கு மருந்து ஆயுதமன்று என்றும் அங்கேயே பலர் எதிர்த்துரைத்தனர்.

துப்பாக்கி மலிந்த நாடான அமெரிக்காவின் கணக்கையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் அங்கு துப்பாக்கியால் இறந்தோர் ஏறத்தாழ 48,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 27,000 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். ஆர்தர் கெல்லர்மன் என்ற வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்று, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏனைய வீடுகளிலும் பார்க்க 2.7 மடங்கு என்று கண்டது. அதன் முறையைக் குறித்து வாதங்கள் எழுந்ததுண்டு. எனினும், அக்கொலைகளிற் பெரும்பாலானவை குடும்பத்தாராலோ தெரிந்தவராலோ நேர்ந்தவை என்ற அதன் முடிவு நெஞ்சை உறுத்துவது.

நம் நாட்டிலோ, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பயிரைக் காக்கும் விவசாயியின் வேட்டைத் துப்பாக்கிக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். றிவோல்வருக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சுவரை செல்வது. அது எளிதிற் கிடைப்பதன்று. எளிதிற் கிடைக்கவும் கூடாது. துப்பாக்கி என்ன செய்யும் என்பதைத் திருகோணமலைக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி, இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ என் நண்பரின் பேரனுடைய வயதை உடையவர்கள்.

எங்கே வைப்பீர்கள்?

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோதும் நண்பரின் முகம் தெளியவில்லை. "நீர் சொல்வதெல்லாம் சரி. அந்த இரவில் என் இடுப்பில் ஒன்று இருந்திருந்தால் நெஞ்சு இப்படிப் பதறியிராது" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பயம் நியாயமானது, அதை அனுபவித்தவர் அவர்.

அப்போது தேநீர்த் தட்டுடன் வந்த அவருடைய மனைவியார் கேட்டார்: "எல்லாம் சரி, வாங்கினால் எங்கே வைப்பீர்கள்?"

"அலுமாரிக்குள்தான். பூட்டி வைப்பேன்."

"அலுமாரித் திறப்பு எங்கே இருக்கிறதென்று சின்னவனைக் கேட்டுப் பாருங்கள்."

சின்னவனுக்கு வயது ஆறு. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டோம். "தாத்தாவின் தலையணைக்குக் கீழே" என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு, மீண்டும் விளையாட ஓடினான். போன கிழமைதான் அதை எடுத்து, அலுமாரியிலிருந்த இனிப்பைத் தின்றிருக்கிறான்!

திறப்பைத் தன்னோடே வைத்திருக்கலாம், இரும்புப் பெட்டி வாங்கலாம் என்று பேரன் சொன்னான். உண்மைதான். ஆனால், இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி நடு இரவில் கைக்கு உதவாது. கைக்கு உதவும்படி இருக்கும் துப்பாக்கி சின்னவன் கைக்கும் எட்டும். எந்த நிறுவனத்தாரும் இன்றுவரை தீர்க்காத சிக்கல் இது. நண்பர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

சென்ற கிழமை அவரைக் கடையிற் கண்டேன். இப்போதெல்லாம் பிற்பகல் வங்கி மூடுமுன் அன்றைய பணத்தைக் கட்டிவிடுகிறாராம். இரவு எட்டு மணிக்கே கடையைப் பூட்டி, அயற் கடைக்காரர் இருவரோடு சேர்ந்தே பாலையூற்றுக்குத் திரும்புகிறாராம். வழிமறித்தவர்களைப் பற்றிப் பொலிஸிலும் முறையிட்டிருக்கிறார். மாலை விற்பனையிற் கொஞ்சம் நட்டந்தான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"நித்திரை எப்படி?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை" என்றார். பிறகு தம் இடுப்பை ஒருமுறை தட்டிக் காட்டினார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.